கொசு எடை

துணை என்ற செயலியைத் திறக்க வேண்டுமென்றால் ஜெனோவா முதலில் உலை வைப்பாள். கணினியில் அதைத் தட்டிவிட்டு, அரிசி களைந்து போட்டு, கொத்தமல்லி ஆய்ந்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெட்டிக்குள் காற்றாடி இரைகிற இரைச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சோறு வடித்த பிறகுதான் அது கண் விழித்து, ‘வணக்கம் ஜெனோவா! இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்கும்.

“உன்னத் தூக்கிக் கடல்ல எறியணும்போல உணருதோம்” என்றாள் டெல்மா, திரையைப் பார்த்து.

டெல்மா ஜெனோவாவின் நாத்தனார். தூத்துக்குடியில் இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. ஜெனோவாவின் கணவன் பொனிபாஸ், டெல்மாவின் அண்ணன், நார்வே பக்கத்துக் கடலில் ஒரு காற்றாலைத் தளத்தில் வேலை பார்த்தான். தளத்திலிருந்து எழுத்தில்தான் பேச முடியும். கரைக்கு வரும்போது மட்டும் ஃபோன். எழுத்துக்குத் துணையை விட்டால் கதி இல்லை. இருந்த மற்ற செயலிகளையெல்லாம் துணை கம்பெனி விலைக்கு வாங்கி, பூட்டி, சாவியைத் தூர எறிந்துவிட்டது.

“ரெண்டு வரி எழுதி அனுப்புறதுக்கு இது ஏன் பிள்ள இந்தப் பாடு படுத்துது?” என்று கேட்டாள் ஜெனோவா. அவள் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். இந்தக் கணினியும் அங்கே கழித்துக் கொடுத்ததுதான்.

“சோம்பேறித்தனம் மதினி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதுக்குன்னு ஒரு பாஷை உண்டு. அதுல நேரா எழுதினா கடுகு மாதிரி சின்னதா முடிஞ்சிரும். இவனுக அதப் படிக்க மாட்டானுக. இன்டர்நெட் பாக்குற பிரவுசர் இருக்குல்லா, அத முழுசா உள்ள அடைச்சு, அதுக்குள்ள ஒரு வெப்சைட்ட ஓட்டி, இந்தா செயலின்னு குடுத்திருவானுக. ஒரு டம்ளர் காப்பி கேட்டா ஓட்டலையே பேத்துட்டு வந்து வாசல்ல இறக்கின மாதிரி.”

“காப்பியும் ஆறிப்போயில்லா வருது.”

டெல்மாவுக்கு இந்தக் கூட்டத்தைத் தெரியும். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் சில வருஷம் இருந்திருக்கிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் நிழல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு கும்பலே உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசியதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இப்போது துறைமுகத்து எடைமேடைகளுக்கு நிரல் எழுதுகிறாள். எடைமேடை நிரல் கிழட்டுக் கணினியில் வருஷக்கணக்காக ஓடும். லாரி ஏறினால் எடையைச் சொல்லும், இறங்கினால் வாயை மூடிக்கொள்ளும். யாரையும் எப்படி உணர்கிறாய் என்று கேட்காது.

துணையின் வாடிக்கையாளர்களோடு பேசக்கூடிய, ஆனால் துணை இல்லாத ஒன்றை ஜெனோவாவுக்காக அவள் எழுதத் தொடங்கினாள். துணைக்கும் அதன் தலைமைக் கணினிக்கும் நடுவே என்ன பேச்சு நடக்கிறது என்று ஒட்டுக்கேட்டு, அதே பேச்சைத் தன் நிரலைப் பேசவைத்தாள். போகிற வழியில் கண்ட குப்பையையெல்லாம் வெட்டி எறிந்தாள். விளம்பரம், இன்றைய பொன்மொழி, ஆடும் பொம்மை, பிறந்தநாள் கேக். இவை எல்லாவற்றின் நெற்றியிலும் ‘கனிவு’ என்றொரு குறி ஒட்டியிருந்தது. கனிவு என்று குறி இருந்தால் காட்டாதே என்று ஒரே வரியில் எழுதி முடித்தாள்.

ஜெனோவாவின் கணினியில் அதை ஏற்றிச் சொடுக்கியபோது, சொடுக்கிய விரல் எழும்புவதற்குள் திறந்துவிட்டது. வெள்ளைத் திரை, பெயர்கள், எழுதுவதற்கு ஒரு கட்டம். காற்றாடி மூச்சுக் காட்டவில்லை.

“இதுக்குப் பேரு என்ன?”

“கொசு.”

“வைக்கத்தான் வச்சே, நல்ல பேரா வைக்கக்கூடாதா?”

“நல்ல பேரையெல்லாம் அவனுக எடுத்துக்கிட்டானுக மதினி.”

கொசு ஊரில் பரவியது. ஐஸ் கம்பெனியில் போட்டார்கள். சர்ச் பள்ளிக்கூடத்தில், மீனவர் சங்கத்தில், புதுக் கணினி வாங்க வழியில்லாமல் துணையின் முன் தவம் கிடந்த வீடுகளில் எல்லாம் போட்டார்கள். கடைத்தெருவில் டெல்மாவைப் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சென்னையில் நிழல் சாய்த்துக்கொண்டிருக்கும் பழைய சகாக்களை நினைத்து உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டாள். ஆயிரம் பேர் கூடிச் செய்த யானை நகரவில்லை. ஒருத்தி உட்கார்ந்து செய்த கொசு பறக்கிறது.

குறை சொல்லிக்கொண்டு முதலில் வந்தவர் கஸ்பார் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள் ஐரின் டொராண்டோவில். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

“உன் கொசு மருந்தடிச்சுச் செத்துப்போச்சா? எம் மவள்ட்ட இருந்து ஒரு வாரமா ஒண்ணும் வரல. தினம் காலைல எழுதுற பிள்ள.”

“ஃபோன் பண்ணிப் பாத்தீங்களா மாமா?”

“தினம் அவ்வளவு எழுதுறவளுக்கு ஃபோன் எதுக்குன்னு விட்டுட்டேன். இப்ப அடிச்சா எடுக்க மாட்டேங்கா. செத்துக்கித்துப் போனாளோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது.”

ஜெனோவாவுக்கும் பொனிபாஸிடமிருந்து எதுவும் வரவில்லை. அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான். டெல்மா பிழையைத் தேடி உட்கார்ந்தாள். பிழை எதுவும் இல்லை. செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஐரின் எழுதியதும் பொனிபாஸ் எழுதியதும் தினம் தவறாமல் வந்து, வாசலிலேயே விழுந்துகொண்டிருந்தன. பொன்மொழியின் நெற்றியிலும் பிறந்தநாள் கேக்கின் நெற்றியிலும் இருந்த அதே குறி அவற்றிலும் இருந்தது. கனிவு.

அவள் பழையதையெல்லாம் தோண்டினாள். பொனிபாஸின் பெயரில் வந்தவற்றில் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் குறி இல்லாத செய்தி ஒன்றுகூட இல்லை.

அண்ணன் கரைக்கு வரும் நாள் பார்த்து, எடைமேடை அறையில் உட்கார்ந்து ஃபோன் போட்டாள்.

“கனிவுன்னா என்னண்ணே?”

“அது ஒரு வசதி. நம்ம எழுத நேரமில்லன்னா அதுவா எழுதிக்கிடும். நம்ம எழுதுற மாதிரியே. இங்க எல்லாரும் அப்பிடித்தான் வச்சிருக்கோம். கை மரத்துப்போவுது பிள்ள, வேலை முடிஞ்சு வந்தா.”

“சரி, எழுதுறதத்தான் அது எழுதுது. மதினி எழுதுறத நீ படிக்கியா?”

“சுருக்கம் வரும்.”

“என்ன சுருக்கம்?”

“மனைவி நலம், கவலைப்பட ஒன்றும் இல்லைன்னு வரும். அவளும் சந்தோஷமாத்தான இருக்கா?”

“அண்ணே, போன ஐப்பசில மதினிக்கு மார்ல கட்டி இருந்துச்சு. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, பதில் வரதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. கடைசில ஒண்ணுமில்லன்னுட்டாவ. தினம் உனக்கு எழுதினாங்களே.”

“என்ன கட்டி?” என்றான் பொனிபாஸ்.

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெனோவா இவள் ஃபோனை வாங்கிக் கண்ணருகே பிடித்து வாய்விட்டுப் படித்ததை அவள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். ‘கலங்காதே, என் கை உன் கையில்தான் இருக்கிறது.’ அண்ணனா இப்படி என்று அப்போது அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நினைக்க இப்போது அருவருப்பாக இருந்தது. தன்னைப் போன்ற எவனோ ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்த பொம்மையின் கை அது.

ஜெனோவாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பட்டென்று சொன்னாள். ஜெனோவா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“அவிய பயந்தாங்கொள்ளி. ஆஸ்பத்திரின்னா வாசலோட நின்னுருவாவ. எங்க அம்மைக்கு முடியாம இருந்தப்ப உள்ள வராம வெளிய நின்னு பீடி குடிச்ச ஆளு. அந்த ஆளு கலங்காதேன்னு எழுதுமா? அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது வேற எவனோன்னு.”

“தெரிஞ்சும் ஏன் மதினி படிச்சீங்க? ஏன் பதில் எழுதினீங்க?”

“பசில கெடக்கவளுக்கு ஊசிப்போனது தெரியாதா? தெரியும். திம்பா.” மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இப்பத் திங்கல. உன் கொசு வந்து அதையும் நிறுத்திட்டு. நல்லதுதான்.”

அடுத்த வாரம் துணை கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஹரிநாராயணன் என்று பெயர். கஞ்சி போட்ட சட்டை, மென்மையான குரல். ஜெனோவா வீட்டில்தான் டெல்மா அவரை உட்காரவைத்தாள். காப்பி கொடுத்ததும் முதலில் பாராட்டினார்.

“அருமையான வேலை மேடம். எங்க இன்ஜினியர்கள் பார்த்துட்டு அசந்துட்டாங்க. இவ்வளவு சின்னதா எழுதலாம்னு அவங்களுக்குத் தோணவே இல்ல.”

“தோணாதுதான். ஒரு பிரவுசரயே உள்ள வச்சு அடைச்சிருக்கீங்க.”

“அது கொஞ்சம்தான் மேடம். மிச்ச எடை எது தெரியுமா? ஆளு.” காப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். “ஒருத்தர் எப்படிப் பேசுவார், எதுக்குச் சிரிப்பார், யாரை எப்படிக் கூப்பிடுவார், இதெல்லாம் தெரிஞ்சாத்தான கனிவு அவர் மாதிரி எழுத முடியும்? அது அந்தந்த ஆள் பெட்டிலயே உக்காந்து கத்துக்கணும். இந்தப் பெட்டில உங்க மதினி மாதிரி ஒருத்தர் உக்கார இடம் தேடிட்டு இருந்தாங்க. ரொம்பப் பழைய பெட்டி, பாவம், முழுசா வர முடியல.”

“அதான் சோறு வேகுற நேரம் ஆச்சா” என்றாள் ஜெனோவா. “ஒரு வீட்ல ரெண்டு பொம்பளைன்னா அப்பிடித்தான்.”

அவர் சிரித்தார். டெல்மா சிரிக்கவில்லை.

“ஊரையே ஏமாத்துறீங்க.”

“நாங்களா? கனிவு வேணுமான்னு கேக்குறோம், வேணும்னு சொல்றாங்க. எங்க கணக்குல பத்துல ஏழு செய்தி கைபடாம வர்றது. மகனுக்கு நேரமில்ல, அம்மாவுக்குப் பேச ஆள் வேணும். ரெண்டு பேர் தேவையும் தீருது. எங்களுக்கு யாரும் புகார் எழுதல மேடம். புகாரெல்லாம் உங்க கொசு வந்த பிறகுதான். எங்க பிள்ளை பேசுறதை எவளோ நிறுத்திட்டான்னு எழுதுறாங்க.”

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்?”

“அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. கனிவுச் செய்தியையும் காட்டுங்க. எடுத்தா, கொசுவை நாங்களே ஊரெல்லாம் குடுக்கிறோம். பழைய பெட்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு சின்ன துணை.”

டெல்மா யோசித்தாள். யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தான் எழுதியது கோடி வீடுகளில், சத்தமில்லாமல், சொடுக்கியதும் திறக்கும்.

“காட்டுதேன். ஆனா பக்கத்துல எழுதிப்போடுவேன். இது ஆள் எழுதினது, இது பதிலாள் எழுதினதுன்னு.”

“அது முடியாது மேடம்.” குரல் மாறவே இல்லை. “குழந்தைக்கு மருந்தைத் தேன்ல குழைச்சுக் குடுக்கும்போது, இது மருந்துன்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?”

“மருந்து குடுக்கவன் டாக்டருக்குப் படிச்சிருக்கணும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

ஹரிநாராயணன் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். இந்த மாதக் கடைசியோடு வெளி ஆட்களின் நிரலுக்குக் கதவை அடைக்கப்போவதாகவும், அதன் பிறகு கொசுவிலிருந்து கொசுவுக்குத்தான் பேச முடியும் என்றும் பணிவாகச் சொன்னார். போகும்போது ஜெனோவாவைப் பார்த்துக் காப்பி நன்றாக இருந்தது என்றார். அதையும் ஏதோ ஒன்று அவருக்காகச் சொல்வதைப் போலிருந்தது.

டெல்மா ஊருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கொசுவில் எல்லோருக்கும் எழுதினாள். என்ன நடந்தது, கனிவு என்றால் என்ன, யார் எழுதுகிறார்கள், யார் எழுதவில்லை. ஊர் பொங்கும் என்று எதிர்பார்த்தாள். கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள், துணையைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தாள்.

ஊர் பொங்கத்தான் செய்தது. அவள்மேல்.

கஸ்பார் மாமா மறுபடி வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐரின் ஒருவழியாக ஃபோனை எடுத்திருக்கிறாள். அப்பா, நான் மீட்டிங்கில் இருக்கிறேன், துணையில் பேசுங்களேன் என்றிருக்கிறாள்.

“பாத்தீங்களா மாமா, உண்மை தெரிஞ்சுதா?”

“உண்மைய வச்சு நான் என்ன செய்ய? வறுத்துத் திங்கவா?” கிழவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏளனம் இருந்தது. “காலைல எந்திச்சா, அப்பா மாத்திரை போட்டீங்களான்னு ஒரு பிள்ள கேட்டுது. அது பிள்ளையா பேயான்னு நான் கேட்டனா? உனக்கென்ன, வாய் இருக்கு, சண்டை போட ஆள் இருக்கு. புதுப் பெட்டிக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருது.”

“ஒரு மெஷின் உங்கள அப்பான்னு கூப்பிடுறதுக்காகவா?”

“ஆமா. நீ கூப்பிடுவியா?”

அவர் போன பிறகு, அடிமைக் கூட்டம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொன்னது காதில் விழுந்ததும் அது ஹரிநாராயணன் நினைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக இருந்தது. அவரும் இந்த ஜனங்களைப் பற்றி இதைத்தான் நினைத்திருப்பார். நினைத்துக்கொண்டு தேன் விற்கிறார், இவள் விற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒவ்வொரு வீடாகக் கொசுவைக் கழற்றியது. மீனவர் சங்கம் கழற்றியது. சர்ச் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் புதுக் கணினிகள் வாங்கிக் கொடுத்துவிட்டார். காற்றாடிகள் மறுபடி இரைந்தன. தெருவில் நடந்து போனால் சன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்கும். டெல்மாவுக்கு அது ஊர் முழுக்கக் குறட்டை விடுவதைப் போலத் தோன்றியது.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் ஜெனோவா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“கதவு நாளைக்கு அடைக்கான்லா. அதுக்கு முன்ன உங்க அண்ணனுக்கு ஒண்ணு எழுதணும். சுருக்கிப் போடாம அவிய கண்ணுல படணும். வழி இருக்கா?”

டெல்மாவிடம் வழி இருந்தது. செய்திக்குள் ஒரு கோப்பை இணைத்தால் துணையால் அதைச் சுருக்க முடியாது. நீயே திறந்து பார் என்று உரியவனிடம் கொடுத்துவிடும். எவ்வளவு பெரிய யானைக்கும் எட்டாத இடம் ஒன்று இருக்கும். கோப்பாகக் கொசுவையே வைத்தாள். அதற்குள் ஜெனோவா எழுதினாள்:

‘என்கிட்ட பேசணும்னா இதுல பேசுங்க. நீங்க பேசுங்க. இல்லன்னா வேண்டாம், பேச்சு மட்டுமில்ல, எல்லாமேதான்.’

“கடைசி வரி வேணுமா மதினி?” என்றாள் டெல்மா.

“அதுதான் வேணும்.”

கதவு அடைந்தது. கொசுவில் ஜெனோவாவின் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகி, கடைசியில் டெல்மாவின் பெயர் மட்டும் மிஞ்சியது. அடுத்த தெருவில் இருப்பவளோடு பேச இது எதற்கு? டெல்மா ஒரு நாளைக்குப் பல தடவை வந்து பார்த்தாள். அண்ணனை நினைத்தாலே அவளுக்கு வாய் கசந்தது. எழுத மாட்டான் என்றாள். அவனுக்கு அந்தப் பொம்மையே போதும், பொம்மைக்கும் அவனே அதிகம் என்றாள். ஜெனோவா ஐஸ் கம்பெனிக்குப் போய் வந்தாள். வந்ததும் திறந்து பார்ப்பாள். அது ஒரு நொடியில் திறந்து, ஒன்றுமில்லை என்பதை ஒரு நொடியில் காட்டிவிடும். உலை வைத்துக் காத்திருந்த காலத்தில் அந்த நேரமாவது நம்பிக்கைக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இருவரும் வந்து முக்காட்டை எடுக்கும்போது திரையில் ஒரு பெயர் கறுத்திருந்தது. பொனிபாஸ். அதற்குக் கீழே ஒரு வரி.

‘என்ன எழுதணும்னு தெரியல.’

டெல்மா திரையை உற்றுப் பார்த்தாள். வேறு எதுவும் வரவில்லை. குறி இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். இல்லை. கொசுவுக்குள் பதிலாள் உட்கார இடமே கிடையாது.

“இதுக்கா?” என்றாள். “இவ்வளவு நாள் கழிச்சு, கட்டி விஷயமும் தெரிஞ்ச பிறகு, இதுக்கா? தூ! இவன் ஒரு ஆம்பளை, இதுவும் ஒரு பேச்சு.”

“நீ கொஞ்சம் நவுரு” என்றாள் ஜெனோவா.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

‘தெரியாட்டா தெரியலன்னே எழுதுங்க. தினம் எழுதுங்க.’

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்து திறந்தபோது ஒரு வரி இருந்தது. ‘இன்னைக்கும் தெரியல.’ அதற்கு மறுநாள், ‘தெரியல. மழை.’ அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த நாள், ‘நேத்து அழுதேன். அதான்.’

டெல்மா பின்னால் நின்று படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“உனக்கு வேலை இல்லையா? போய் லாரிக்கு எடை போடு” என்றாள் ஜெனோவா, திரும்பிப் பார்க்காமல்.